செம்மறி ஆடுகளுக்குப் பயறுத் தீவனம்: எந்த ஆட்டுக்கு, எந்த வாரத்தில், எவ்வளவு

கொங்கு நாட்டுக் கொரங்காடுகளில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலங்களில், மாசி பிறந்த பிறகும் ஆடு கடிப்பதற்கு ஏதோ ஒன்று தரையில் கிடக்கத்தான் செய்யும். ஆனால் அது காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் தாளாகவோ, அறுத்த சோளத்தின் அடிக்கட்டையாகவோதான் இருக்கும். மூலனூர், காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பட்டிகளுக்கு மாலையில் திரும்பும் மேச்சேரி இனச் செம்மறி ஆட்டின் வயிறு நிறைந்திருப்பதைப் பார்த்து, தீவனம் போதுமானதாக இருக்கிறது என்று நினைத்துவிடுவது எளிது. முதுகெலும்பின் மீது கையை வைத்துத் தடவிப் பார்த்தால்தான் ஒவ்வொரு மாதமும் எலும்பின் முனை கூர்மையாகிக்கொண்டு வருவது தெரியும். இந்தக் காலத்தில் ஆட்டுக்குக் குறைவது பெரும்பாலும் தீவனத்தின் அளவு அன்று, அதிலுள்ள புரதம். அதை ஈடுசெய்ய நம் நிலத்திலேயே விளையும் கொள்ளையும் மற்றப் பயறுகளையும் எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இங்கே விளக்குகிறேன். பயறைத் தினமும் எல்லா ஆடுகளுக்கும் கொட்டுவதால் பணந்தான் கரையும்; சரியான ஆட்டுக்குச் சரியான சில வாரங்களில் கொடுக்கும் கைப்பிடியே பலன் தரும்.

வயிற்றுக்குள் நடப்பது

செம்மறி ஆடு தின்னும் தீவனத்தை முதலில் தின்பவை, அதன் அசையூண் வயிற்றில், அதாவது இரைப்பையின் முதல் பெரிய அறையில், வாழும் நுண்ணுயிர்கள். தாளிலும் தட்டையிலும் உள்ள நார்ப்பொருளை உடைத்து ஆட்டுக்குச் சக்தியாக மாற்றுவது இவற்றின் வேலை. இவை பெருகி வாழ்வதற்கு நைட்ரஜன் வேண்டும். அது தீவனத்தின் புரதத்திலிருந்து வருகிறது. தீவனத்தின் உலர் பொருளில் (ஈரம் நீங்கலான பகுதியில்) புரதம் ஏறக்குறைய 6 அல்லது 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும், நார் செரிப்பது மந்தமாகும், செரியாத தாள் வயிற்றிலேயே நெடுநேரம் தங்கும். வயிற்றில் இடம் காலியாகாததால் ஆடு மேற்கொண்டு தின்பதும் குறையும். சோளத்தட்டையிலும் வைக்கோலிலும் புரதம் 3 முதல் 5 சதவீதம்தான். வயிறு நிறைந்த ஆடு மெலிவதன் காரணம் இதுவே.

இந்த நிலையில் ஒரு நாளைக்கு நூறு கிராம் அளவில் கொடுக்கும் பயறு, தன்னிடமுள்ள புரதத்தைத் தருவதோடு நின்றுவிடுவதில்லை; நுண்ணுயிர்களுக்கு உயிரூட்டி, அதே தட்டையை ஆடு கூடுதலாகத் தின்னவும் செரிக்கவும் வைக்கிறது. ஆகவே பயறு கொடுக்கும்போது உலர்தீவனம் தாராளமாகக் கிடைக்க வேண்டும். தட்டை இல்லாமல் பயறு மட்டும் கொடுப்பவர் இந்த இரண்டாவது பலனை இழந்துவிடுகிறார். அதேபோல், பசும்புல்லும் அகத்தியும் வேலிமசாலும் தாராளமாகக் கிடைக்கும் மழைக்காலத்தில் வளர்ந்த ஆட்டுக்குப் பயறு கொடுப்பது வீண். தேவைக்கு மேற்பட்ட புரதம் வயிற்றில் அமோனியாவாகி, கல்லீரலில் யூரியாவாக மாறி, சிறுநீரோடு வெளியேறிவிடும்.

எந்தப் பயறு

கொள்ளில் புரதம் சுமார் 22 சதவீதம். தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, மொச்சை ஆகியவற்றில் 23 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். துவரையிலும் கொண்டைக்கடலையிலும் சற்றுக் குறைவாக, 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, மக்காச்சோளத்தில் 9, கம்பில் 10 அல்லது 11, கோதுமைத் தவிட்டில் 15, நிலக்கடலைப் புண்ணாக்கில் 45 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் தோராயமான எண்கள். விளைந்த மண்ணுக்கும் இரகத்துக்கும் ஏற்பச் சற்று ஏறும், இறங்கும்.

மானாவாரி ஆட்டுக்காரருக்குக் கொள்ளே முதலில் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி மழையில் விதைத்தால் தை மாதத்தில் அறுவடைக்கு வந்து, மேய்ச்சல் தீரும் நேரத்தில் தானியமாகக் கைக்கு வந்துவிடுகிறது. கொடியும் சருகும் ஆட்டுக்கே ஆகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த பையூர் 1, பையூர் 2 இரகங்கள் இத்தகைய நிலங்களில் பழகியவை. மற்றப் பயறுகளில் முழுமணியை ஆட்டுக்கு வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது; அவை மனிதர் உண்ணும் விலைக்கு விற்கின்றன. மழையில் நனைந்து நிறம் மங்கியதும் சந்தையில் தள்ளுபடியானதும் பருப்பு ஆலைக் குருணையும் பூஞ்சணம் இல்லாத வரையில் ஆட்டுக்கு நல்ல தீவனமே.

பருப்பு ஆலைகளில் கழிவாகக் கிடைக்கும் பொட்டு (பயறின் தோல்) வகைகளை ஒன்றாகக் கருதக் கூடாது. உளுந்தம் பொட்டிலும் துவரம் பொட்டிலும் பருப்பின் துணுக்குகள் கலந்திருப்பதால், நல்ல சரக்கில் 15 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். கொண்டைக்கடலைப் பொட்டு பெரும்பாலும் வெறும் தோல். ஆடு விரும்பித் தின்னும், நன்றாகச் செரிக்கும், ஆனால் புரதத்துக்காக அதை நம்ப முடியாது. ஒரு கைப்பிடிப் பொட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால், மிதக்கும் தோல் எவ்வளவு, அடியில் தங்கும் பருப்புத்தூள் எவ்வளவு என்பது ஓரளவு தெரிந்துவிடும். அடியில் மண்ணும் தங்கும். விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

சோயா தனி வகை. அதில் புரதம் 40 சதவீதத்தை நெருங்கும், எண்ணெயும் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இவ்வளவு எண்ணெய் அசையூண் வயிற்றில் நார் செரிப்பதைக் கெடுக்கும் என்பதால் முழு சோயாவைச் சிறிதளவே சேர்க்க வேண்டும். பச்சை சோயாவில் யூரியாவை உடைக்கும் நொதி இருப்பதால், யூரியா ஊட்டிய வைக்கோலோ யூரியா கலந்த தீவனமோ கொடுக்கும் ஆட்டுக்கு வறுக்காத சோயாவைத் தரவே கூடாது. அமோனியா ஒரேயடியாக வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

விலக்க வேண்டியவையும் சில உண்டு. கேசரிப் பருப்பில் நரம்பைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. வாள் அவரையும் பூனைக்காலி விதையும் பச்சையாகக் கொடுக்கத் தக்கவையல்ல. சூபாபுல் விதையிலுள்ள மைமோசின் முடி உதிரச் செய்யும். பூச்சிமருந்தோ பூஞ்சணக்கொல்லியோ தடவிய விதைப் பயறு மீந்துவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் அது தீவனம் ஆகாது.

மரத்தில் காய்க்கும் பயறையும் மறக்க வேண்டாம். கொரங்காட்டு வெள்வேல மரத்தின் நெத்தும் கருவேல நெத்தும் இராமநாதபுரம் பக்கத்து வேலிக்கருவைக் காயும் அவரைக் குடும்பத்தின் காய்களே. கோடையில் காசில்லாமல் உதிர்கின்ற தீவனம் அவை. வேலிக்கருவைக் காயில் இனிப்பு மிகுதி. அதன் விதை கடினமானதால் செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறிப் போகுமிடமெல்லாம் முளைக்கும். காயை நன்றாகக் காயவைத்து அரைத்துக் கொடுத்தால் விதையின் புரதமும் சேரும், நிலமும் தப்பும். கருவேல நெத்தில் துவர்ப்புப் பொருள் கூடுதலாக இருப்பதால் அதையே முழுத் தீவனமாக்கக் கூடாது.

கொள்ளு விலைக்கு வாங்கலாமா

சொந்தக் கொள்ளு வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி சந்தையில் விற்பதா, ஆட்டுக்குப் போடுவதா என்று எழும். இல்லாதவருக்கு வாங்குவதா, வேண்டாமா என்று எழும். கணக்கு ஒன்றே. புரதத்தையும் மாவுச்சத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிலோ கொள்ளு ஏறக்குறைய 360 கிராம் கடலைப் புண்ணாக்குக்கும் 640 கிராம் மக்காச்சோளத்துக்கும் சமம். புண்ணாக்கு கிலோ 50 ரூபாய், மக்காச்சோளம் 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலாவதற்கு 18 ரூபாயும் இரண்டாவதற்கு 16 ரூபாயும் ஆக மொத்தம் 34 ரூபாய் வரும். கொள்ளு அந்த விலைக்குக் கீழே கிடைத்தால் வாங்கலாம். அதற்கு மேல் போனால் புண்ணாக்கும் மக்காச்சோளமும் வாங்கிக் கலப்பதே சிக்கனம். உங்கள் ஊர் விலையை இதே கணக்கில் போட்டுப் பார்த்தால், பல ஆண்டுகளில் கடைக் கொள்ளு விலையில் தோற்றுவிடும் என்பதே உண்மை. கொள்ளு கொடுத்தால்தான் ஆடு தேறும் என்ற நம்பிக்கைக்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. சரியாகக் காயாத கடலைப் புண்ணாக்கில் பூஞ்சண நஞ்சு ஏறும் வாய்ப்பு மிகுதி. வீட்டில் காயவைத்துக் கட்டிய கொள்ளில் அந்தப் பயம் மிகக் குறைவு. சினை ஆடுகளுக்குக் கொடுக்கும்போது இந்த வேறுபாட்டுக்குக் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

எந்த ஆட்டுக்கு, எப்போது

சினையும் பாலும் இல்லாத வளர்ந்த ஆட்டின் தேவை குறைவு. 25 கிலோ எடையுள்ள பெட்டை ஆடு ஒரு நாளைக்குச் சுமார் 800 கிராம் உலர் பொருள் தின்னும். உடம்பைக் காத்துக்கொள்ள அதில் 8 சதவீதம், அதாவது 64 கிராம் புரதம் இருந்தால் போதும். சோளத்தட்டை மட்டுமே தின்றால் 32 கிராம்தான் கிடைக்கும். 650 கிராம் தட்டையோடு 150 கிராம் கொள்ளு சேர்த்தால் புரதம் 60 கிராமை ஒட்டி வந்துவிடும். ஆனால் இதைவிடச் சிக்கனமான வழி, தட்டையில் ஒரு பகுதியைக் கடலைக்கொடியாக மாற்றுவது. 400 கிராம் தட்டை, 300 கிராம் கடலைக்கொடி, 75 கிராம் கொள்ளு என்று கொடுத்தால் அதே புரதம் கிடைக்கிறது, கொள்ளுச் செலவு பாதியாகிறது. மேய்ச்சலில் ஓரளவு பச்சை கிடைக்கும் மாதங்களில் இந்த ஆடுகளுக்குப் பயறே வேண்டியதில்லை.

பயறு உண்மையில் வேலை செய்யும் இடம் சினையின் கடைசி ஆறு வாரங்கள். செம்மறி ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். குட்டியின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கடைசிப் பகுதியிலேயே கூடுகிறது. மடியில் சீம்பால் உருவாவதும் அப்போதுதான். வயிற்றில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆடு தட்டையைக் கூடுதலாகத் தின்ன முடியாத நேரமும் அதுவே; குறைந்த இடத்தில் நிறைந்த சத்து தேவைப்படுகிறது. ஆவணியில் கிடா சேர்ந்த ஆடு தையில் ஈனும் என்றால், மார்கழி தொடங்கும்போதே பயறு ஆரம்பித்திருக்க வேண்டும். வயிற்றைப் பழக்கிய பின் 100 கிராமில் தொடங்கி, ஈனும் வாரத்தில் 200 அல்லது 250 கிராம் வரை உயர்த்தலாம். பங்குனியில் சேர்ந்த ஆடுகளின் கடைசி ஆறு வாரம் ஆனி, ஆடிக் காற்றுக் காலத்தில் விழும். அந்த ஈற்றுக்கு மேய்ச்சலை நம்பவே கூடாது. கிடாவை ஆண்டு முழுவதும் மந்தையோடு விட்டுவைப்பவருக்கு எந்த ஆடு எந்த வாரத்தில் இருக்கிறது என்றே தெரியாது. அவர் எல்லா ஆடுகளுக்கும் கொடுத்துச் செலவை ஏற்றிக்கொள்கிறார். கிடாவைப் பிரித்துக் கட்டிச் சேர்க்கைக் காலத்தை ஆறு வாரத்துக்குள் அடக்குவதுதான், பயறுச் செலவைக் குறைக்கும் மிகச் சிறந்த வழி.

ஈன்ற பிறகு முதல் எட்டு வாரங்களுக்குத் தாய் ஆட்டுக்குப் புரதம் 13 முதல் 15 சதவீதம் வரை வேண்டும். தட்டையோடு 250 முதல் 300 கிராம் பயறுக் கலவையை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்குப் பின் பால் தானாகக் குறையும்போது இதையும் குறைத்துவிடலாம்.

கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டை ஆடுகளுக்கு 100 முதல் 150 கிராம் கூடுதல் கொடுத்து உடம்பை ஏற்றும் முறையும் உண்டு. மெலிந்த ஆடுகளிடம் இதனால் பருவத்துக்கு வருவதும் சினை பிடிப்பதும் சீராகும். மேச்சேரி இனம் பெரும்பாலும் ஒற்றைக் குட்டி ஈனும் இனம் என்பதால், இதைச் செய்தால் இரட்டைக் குட்டிகள் குவியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நன்றாகத் தேறிய ஆட்டுக்கு இதைச் செய்து பயனில்லை. பொலி கிடாவுக்குச் சேர்க்கைக் காலத்திலும் அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும் 250 கிராம் ஊறிய கொள்ளு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது சரியான பழக்கமே.

குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே தீவனத்தை முகர்ந்து பார்க்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். தாய் நுழைய முடியாத, குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட ஒரு தடுப்பைப் பட்டியின் மூலையில் அமைத்து, அதற்குள் உடைத்த தீவனத்தை வைத்தால் போதும். குட்டியின் அசையூண் வயிறு ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் ஓரளவு வேலை செய்யத் தொடங்கும். அதுவரை பச்சைப் பயறிலுள்ள செரிமானத் தடைப் பொருள்களை அதனால் சமாளிக்க முடியாது. ஆகவே இரண்டு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு வறுத்து உடைத்த பயறையே கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் பால் மறக்கடித்த பின் 16 சதவீதப் புரதமுள்ள கலவையை 100 கிராமில் தொடங்கி 250 கிராம் வரை ஏற்றலாம். செலவழித்த பயறு எடையாகத் திரும்பி வருவது இந்த வயதில்தான் கண்கூடாகத் தெரியும்.

ஊறவைப்பதா, உடைப்பதா, வேகவைப்பதா

செம்மறி ஆடு மாட்டைவிடத் தானியத்தை நன்றாக மென்று தின்னும்; ஆகவே தட்டைப்பயறு, கொண்டைக்கடலை போன்ற பெரிய மணிகளை முழுதாகவே கொடுக்கலாம். கொள்ளு சிறியது, தோல் கடினமானது. முழுதாக உலர்வாகக் கொடுத்தால் ஒரு பங்கு புழுக்கையில் அப்படியே வெளியேறும். நான்கைந்து புழுக்கைகளைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகள். மாலையில் கொள்ளை அது மூழ்கி இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஊறவைத்து, எட்டுப் பத்து மணி நேரம் கழித்துக் காலையில் தண்ணீரை வடித்துக் கொடுப்பது ஒன்று. இதில் தோலும் மென்மையாகும், துவர்ப்புப் பொருளும் கொஞ்சம் தண்ணீரோடு போகும். கோடையில் ஊறிய கொள்ளு விரைவில் புளித்துவிடும் என்பதால், காலையில் வடித்ததை மாலைக்கு எடுத்துவைக்கக் கூடாது. இன்னொன்று, மாவு ஆலையில் ஒரு மணி இரண்டு மூன்றாகப் பிளக்கும் அளவுக்கு உடைப்பது. மாவாக அரைக்கச் சொல்லிவிடக் கூடாது. மாவு மூக்கில் ஏறித் தும்மலும் இருமலும் உண்டாக்கும், வயிற்றில் மிக வேகமாகப் புளித்து அமிலத்தையும் பெருக்கும்.

வேகவைப்பதும் வறுப்பதும் செரிமானத் தடைப் பொருள்களை அழிக்கும். அளவாக வறுத்தால் புரதத்தில் ஒரு பங்கு அசையூண் வயிற்றில் உடையாமல் தப்பிச் சென்று குடலில் நேராகச் சேரும். வேகமாக வளரும் குட்டிக்கும் பாலூட்டும் ஆட்டுக்கும் அது நல்லது. ஆனால் வளர்ந்த ஆட்டின் நுண்ணுயிர்களே அந்தத் தடைப் பொருள்களைப் பெரும்பாலும் சிதைத்துவிடும் என்பதால், முழு மந்தைக்கும் அண்டா வைத்து விறகு எரிப்பதற்கு நியாயம் இல்லை. வேகவைத்த கொள்ளைக் குட்டிக்கும் நோயிலிருந்து தேறும் ஆட்டுக்கும் ஒதுக்கிவைக்கலாம்.

பழக்கும் இரண்டு வாரம்

பயறினால் ஆட்டை இழந்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் இழக்கிறார்கள். கொள்ளில் மாவுச்சத்து மிகுதி. பழக்கமில்லாத வயிற்றில் அது ஒரேயடியாக விழுந்தால் அமிலம் பெருகி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். ஆகவே வளர்ந்த ஆட்டுக்கு முதல் மூன்று நாள் 25 முதல் 50 கிராம் மட்டும் கொடுத்து, பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை 25 முதல் 50 கிராம் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு அளவை எட்ட வேண்டும். காலையில் முதலில் தட்டையைப் போட்டு, பசி அடங்கிய பிறகே பயறை வைக்க வேண்டும். ஒரு நாளைய அளவு 250 கிராமைத் தாண்டினால் இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும்.

கைப்பிடி கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒரு டம்ளரை எடுத்து, அதில் நிற்கும் கொள்ளைத் தராசில் ஒருமுறை நிறுத்துக் கோடு போட்டுக்கொண்டால், யார் தீவனம் வைத்தாலும் அளவு மாறாது. தொட்டியில் ஒரு ஆட்டுக்கு ஓர் அடி இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டி ஒதுக்கும் ஆடு மூன்று பங்கைத் தின்று வயிற்றுக் கோளாறில் விழும், ஒதுங்கி நிற்கும் ஆடு மெலியும். சண்டைக்கார ஆடுகளைத் தனித் தொட்டியில் விடுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் தானியத்தை வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் தரையில் கோடாகக் கொட்டிச் செம்மறிகளுக்குக் கொடுப்பதைக் காணொளிகளில் பார்ப்பவர்கள், அதையே கொள்ளில் செய்து பார்க்க நினைக்கலாம். அங்கே கொட்டப்படுவது லூபின் என்னும் பயறு. கசப்பு நீக்கிய லூபின் இரகங்களை ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அங்கே உருவாக்கினார். முதல் இரகம் 1967இல் வெளிவந்தது. லூபினில் புரதம் 30 சதவீதத்தைத் தாண்டும், மாவுச்சத்தோ ஏறக்குறைய இல்லை. அதனால்தான் ஆடு ஒரே நேரத்தில் நிறையத் தின்றாலும் தாங்குகிறது. கொள்ளுக்கும் தட்டைப்பயறுக்கும் அந்தச் சலுகை கிடையாது; தினமும் அளவாகத்தான் கொடுக்க வேண்டும்.

அசைபோடாமல் சோர்ந்து நிற்பது, பல்லைக் கடிப்பது, வயிற்றைத் தட்டினால் தண்ணீர் குலுங்குவது போன்ற ஓசை, புளித்த நாற்றத்துடன் இளகிய சாணம் ஆகியவை அமிலம் மிகுந்ததன் அறிகுறிகள். உடனே தானியத்தை நிறுத்தி, காய்ந்த தட்டையை மட்டும் முன்னால் வைத்து, நிற்கும் நிலையிலுள்ள ஆட்டுக்குச் சமையல் சோடா 15 முதல் 20 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். படுத்துவிட்ட ஆட்டுக்கு எதையும் புகட்டக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கான எண் 1962.

தானியம் ஏறும்போது திடீரென வருவது துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய். மாலையில் நன்றாகத் தின்ற, கொழுத்த குட்டி காலையில் இறந்து கிடக்கும்; அதற்குச் சிகிச்சை செய்ய நேரமே கிடைப்பதில்லை. அதனால் பயறு தொடங்குவதற்குப் போதிய காலம் முன்பே துள்ளுமாரித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குடற்புழு நீக்கமும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய புரதத்தில் ஒரு பங்கு புழுக்களுக்குப் போய்ச் சேரும்.

கலவை

பால் மறந்த குட்டிக்கு 16 சதவீதப் புரதம் வேண்டும்; கையில் 9 சதவீத மக்காச்சோளமும் 22 சதவீதக் கொள்ளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 16க்கும் 9க்கும் உள்ள வேறுபாடு 7. அது கொள்ளின் பங்கு. 22க்கும் 16க்கும் உள்ள வேறுபாடு 6. அது மக்காச்சோளத்தின் பங்கு. ஆக, ஏழு படி கொள்ளுக்கு ஆறு படி மக்காச்சோளம் என்ற விகிதம் கிடைக்கிறது. படி என்று சொன்னாலும் எடையில்தான் அளக்க வேண்டும். எந்த இரண்டு பொருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இன்னும் கொஞ்சம் வலுவான குட்டித் தீவனம் வேண்டுமானால், நூறு கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 30, வறுத்து உடைத்த கொள்ளு 30, கடலைப் புண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 27, தாது உப்பு 2, சாதாரண உப்பு 1 கிலோ என்று கலக்கலாம். புரதம் 17 அல்லது 18 சதவீதத்துக்கு வரும்.

தாது உப்பைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். பயறு, தவிடு, தானியம் எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. இது நீடித்தால் கிடாக் குட்டிகளுக்குச் சிறுநீர்க்கல் அடைத்துக்கொள்ளும். விற்கும் எடைக்கு வந்த நேரத்தில் சிறுநீர் கழிக்க முக்கி நிற்கும் கிடாயைக் காப்பாற்றுவது கடினம். கலவையில் ஒரு சதவீதம் தீவனச் சுண்ணாம்புத் தூள், எப்போதும் தொட்டி நிறைந்த நல்ல தண்ணீர், உப்பு ஆகியவை இதற்குக் காப்பு. மாட்டுக்கு விற்கும் தாது உப்பில் தாமிரம் செம்மறி தாங்கும் அளவைவிடக் கூடுதலாக இருக்கலாம். செம்மறிக்கென்றே உள்ளதை, பையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும்.

சேமிப்பு

பயறை ஈரம் 10 சதவீதத்தை ஒட்டிய நிலைக்கு, பல்லில் கடித்தால் நொறுங்கும்படி காயவைத்துக் கட்ட வேண்டும். பயறு வண்டு விழுந்த கொள்ளை உடனே சலித்து, வெயிலில் காயவைத்து, முதலில் செலவழித்துவிடலாம். வண்டு துளைத்த மணி ஆட்டுக்குக் கெடுதி இல்லை, பூஞ்சணம் பூத்த மணிதான் கெடுதி. கட்டிகட்டியாக ஒட்டி முக்கல் வாடை வீசும் மூட்டையைக் கழுவியோ வறுத்தோ மீட்கலாம் என்று எண்ணக் கூடாது. பூஞ்சண நஞ்சு அந்தச் சூட்டுக்கு அழியாது. கிடங்கில் புகைமருந்து வில்லை வைத்த மூட்டையைத் திறந்து, காற்றாட நன்றாக உலர்த்திய பிறகே கொட்ட வேண்டும்.

முதல் மழை பெய்து பச்சை தளிர்த்தவுடன் பயறை ஒரே நாளில் நிறுத்திவிடுவது பலரின் வழக்கம். இளம்புல் தண்ணீராகவே இருக்கும். வயிற்றுக்குப் புல் பழகுவதற்குள் கழிச்சல் கண்டு, கோடை முழுதும் ஏற்றிய உடம்பு பத்து நாளில் இறங்கிவிடும். காலையில் மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன் கொஞ்சம் தட்டையும் வழக்கமான அளவில் பாதிப் பயறும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அதிலும் பாதியாக்கி, புழுக்கை மீண்டும் உருண்டையாகக் கெட்டிப்பட்ட பிறகு நிறுத்த வேண்டும். பாலூட்டும் ஆடுகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல், எட்டு வாரம் முடியும்வரை முழு அளவிலேயே தொடர வேண்டும்.